சம்பூர்: கரிக்கு எடுத்த காணியில் வெயில்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து மூதூருக்குப் போவதென்றால் முன்பெல்லாம் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்க வேண்டும். தரை வழியை நாடுவோர் துறைக்குத் துறை இறங்கிப் ‘பாதை’யில் ஆறு கடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும் 2011 இல் ஏனைய பாலங்களும் திறக்கப்பட்ட பின்னர் இந்தச் சிரமம் நீங்கியது. பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய பெண்ணொருத்தி பெரியாஸ்பத்திரிக்கு வருவதற்கு இன்று கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கத் தேவையில்லை. அபிவிருத்தி என்று பேசப்படுபவற்றுள் பெண்களுக்கு நேரடியாகப் பயன் தந்தவை எவை என்று என்னைக் கேட்டால் இந்தப் பாலங்களைத்தான் முதலில் சொல்வேன்.

2025 ஆவணி மாதத்தில் ஒரு நாள், சம்பூர்ப் பகுதியில் உள்ள பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் சிறுசேமிப்புக் குழுவொன்றைச் சந்திப்பதற்காக அந்த வழியே சென்றேன். என்னுடன் மூதூரைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரி ஒருவரும் வந்தார். எமது நிலையத்தில் கள உத்தியோகத்தராகப் பணி செய்பவர். சேமிப்புக் கணக்குப் பார்ப்பது வழமையான வேலை. ஆனால் இம்முறை அப்பெண்கள் முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் விடுத்திருந்தார்கள். “எங்கட பக்கத்தில சோலர் வருதாம். அதைப் பற்றி விளங்கச் சொல்லுறதுக்கு ஒரு ஆளைக் கூட்டி வாங்க மிஸ்” என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை. ஆகவே சில நாட்கள் பத்திரிகைகளையும் அறிக்கைகளையும் புரட்டிப் பார்த்து, நானே போனேன். சமூகவியல் படித்தவளுக்கு மெகாவொட்டும் கிலோவொட்டும் என்ன தெரியும் என்று சிரிக்க வேண்டாம். மின்சாரத்தைப் பற்றிய கேள்விகளில் பாதி காணியைப் பற்றிய கேள்விகளாகவே இருக்கின்றன.

நகரத்தை விட்டு வெளியேறிச் சீனக்குடாவைத் தாண்டும்போது, வீதிக்கு அப்பால் காட்டுக்குள் மறைந்து கிடக்கும் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி அந்தச் சகோதரி சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரர் காலத்தில், தமது கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெய் சேமிப்பதற்காகக் கட்டப்பட்டவை அவை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு தாங்கி அழிந்தது. இன்று 99 தாங்கிகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை பல தசாப்தங்களாக வெறுமையாய்க் கிடந்து துருப்பிடித்தவை. 2003 இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குக் கொடுக்கப்பட்டு, 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கையொன்று செய்யப்பட்டது. அதன்படி 14 தாங்கிகள் அந்நிறுவனத்திடமும், 24 தாங்கிகள் எமது நாட்டின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 உம் இரு தரப்பும் சேர்ந்த கம்பனியிடமும் இருக்கின்றன.

அந்த உடன்படிக்கை கைச்சாத்தாகி மூன்று மாதம் கழியுமுன், இத்தனை தாங்கிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் திருகோணமலை மக்களும் வெற்றுக் கான்களோடு வரிசையில் நின்றார்கள். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. டொலர் இல்லை, ஆகவே எண்ணெய் இல்லை, ஆகவே மின்சாரம் இல்லை என்றார்கள். அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக ஏறியது. சிறு தோணிக்கு மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டித் தொழில் செய்யும் வீடுகளில் அந்த மாதம் உலை எப்படிக் கொதித்தது என்பதை மூதூரில் எந்த வீட்டிலும் கேட்கலாம். எம் கண்ணுக்கெட்டாத கிணற்றில் ஊறி, கப்பலில் வரும் எண்ணெயை நம்பி வாழ்வதன் பாரம் எவ்வளவு என்பதை அந்த ஒரு வருடத்தில் இந்த நாடு முழுவதும் கற்றுக்கொண்டது.

வடக்கில் இருந்த எம்மவருக்கு அந்தப் பாடம் அதற்கு 32 வருடங்களுக்கு முன்னரே ஆரம்பித்து விட்டது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் அறுந்தது. மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சிறிது எண்ணெய் விட்டு, ஒரு திரியில் இரவு முழுவதையும் ஓட்டினார்கள் எங்கள் தாய்மார். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டார்கள். வாசகிகளில் பலருக்கு இது நினைவிருக்கும். மின்சாரத்தைப் பிறர் கையில் விட்டால் என்ன நடக்கும் என்று எமக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

சீனக்குடாவில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்குள்ள பெரிய சீமெந்துத் தொழிற்சாலை, நாங்கள் வேலிக்கு நடும் கிளிசரியாவின் தடிகளை எரித்துத் தனக்கான மின்சாரத்தில் ஒரு பங்கை எடுக்கிறது. தடிகளைக் கிராமத்தவரிடம் விலைக்கு வாங்குகிறார்கள். வேலி வெட்டிய கொப்புக்குக் காசு கிடைக்கும் என்று என் அம்மம்மாவுக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

மூதூரில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். கட்டைப்பறிச்சான் தாண்டியதும் காற்று மாறிவிடும். ஆவணிக் கச்சான் அனலாய் முகத்தில் அறைந்தது. வலப்புறம் காய்ந்த வயல், இடப்புறம் களப்பும் அதற்கப்பால் கடலும். பத்திரகாளி அம்பாள் கோயிலடிக்கு வந்தால் சம்பூர். மீளக்குடியேறியவர்களின் வீடுகள் புதியவை. முற்றத்து மரங்களும் சிறியவை. பத்து வயது மரங்கள். ஒரு ஊரில் முதியவர்களுக்கு எழுபது வயதும் மாமரங்களுக்குப் பத்து வயதும் இருந்தால் அந்த ஊரின் வரலாற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் தெரியாத வாசகிகளுக்காகச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். 2006 ஏப்ரல் மாத இறுதியில் இப்பகுதியில் குண்டுகள் விழுந்தன. ஓகஸ்டில் யுத்தம் முழுமையாக வெடித்தபோது மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கமாகவும், சம்பூர்ப் பகுதித் தமிழ் மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புப் பக்கமாகவும் ஓடினார்கள். செப்டெம்பர் 4 இல் சம்பூர் இராணுவத்தின் வசமானது. 2007 மே மாதத்தில் அது அதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் பிரகடனமாயிற்று. மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைப்பறிச்சான், மணற்சேனை முகாம்களிலும் உறவினர் வீடுகளிலுமாக ஒன்பது பத்து வருடங்களைக் கழித்தார்கள். சொந்த ஊருக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டே போக முடியாமல் இருந்த முகாம் வாழ்க்கை அது.

நிலக்கரிக் கதை இந்த இடப்பெயர்வுக்குள்தான் தொடங்குகிறது. ஊர் வெறுமையாகி நான்கு மாதம் கழியுமுன், 2006 டிசம்பரில், இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் திருகோணமலையில் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்கு இணக்கம் கண்டன. அதற்கான இடமாகச் சம்பூர் தெரிவாயிற்று. 500 மெகாவொட் நிலையம். அதற்கென ஏறக்குறைய 500 ஏக்கர். இதனைவிட 2012 இல் கனரகத் தொழில் வலயத்துக்கென்று 818 ஏக்கர். கடற்படை முகாமுக்கு 237 ஏக்கர். இத்தனை தீர்மானங்களும் எடுக்கப்பட்ட மேசைகளில் அக்காணிகளின் சொந்தக்காரர் எவரும் இருக்கவில்லை. அவர்கள் முகாமில் நிவாரண அரிசிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்களற்ற ஊரில் திட்டம் போடுவது மிகவும் சுலபம். எதிர்த்துக் கேட்க ஆளும் இல்லை, அளக்கப்போனால் குறுக்கே வர மாடும் இல்லை.

நிலக்கரி தேவை என்று சொன்னவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. 1950 இல் லக்சபானாவில் தொடங்கிய நீர்மின்தான் இந்த நாட்டுக்கு நெடுங்காலம் ஒளி தந்தது. 1996 இல் மழை பொய்த்தபோது நாடு இருளில் மூழ்கியது. அதன் பின்னர் டீசலையும் எரியெண்ணெயையும் எரித்துச் சமாளித்தார்கள். அது பொன் விலை. அதைவிட நிலக்கரி மலிவு. நுரைச்சோலையில் சீனக் கடனில் கட்டப்பட்ட 900 மெகாவொட் நிலையத்தின் முதற் பகுதி 2011 இலும் கடைசிப் பகுதி 2014 இலும் இயங்கத் தொடங்கின. இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதை நிறுத்தினால் எங்கள் வீட்டு மின்விளக்கும் அணையும். இதை மறைத்துவிட்டு நிலக்கரியைத் திட்டுவது நேர்மையல்ல.

ஆனால் நுரைச்சோலையைச் சுற்றியுள்ள கிராமத்தவர்கள் கரித்தூளையும் சாம்பலையும் பற்றி வருடக் கணக்காக முறையிட்டு வருகிறார்கள். காயப்போட்ட துணியில், கிணற்று வாயில், மரக்கறிப் பாத்தியில் படியும் கறுப்பை முதலில் காண்பவர்கள் பெண்கள். நிலக்கரியும் எண்ணெயைப் போலக் கப்பலில்தான் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை அங்கே இறக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே டொலர் கொடுத்து வாங்கி மலையாகக் குவித்து வைக்க வேண்டும். சம்பூரிலும் கடல் நீரை எடுத்து நிலையத்தைக் குளிரச் செய்து, சூடான நீரைத் திரும்பக் கடலுக்கு விடுவதே திட்டமாக இருந்தது. கொட்டியாரக் குடாவை நம்பிய மீனவர்கள், தமிழரும் முஸ்லிம்களும், இதை ஒன்றாக எதிர்த்தார்கள். 2016 இல் வீதியில் இறங்கினார்கள். ஒரே குடாவில் வலை வீசுவோர் ஒரே சுலோகத்தின் கீழ் நின்ற சந்தர்ப்பங்கள் அந்தப் பிரதேசத்தில் அதிகமில்லை. என்னுடன் வந்த சகோதரி அந்த ஊர்வலத்தில் தன் உம்மாவுடன் போனதைப் பெருமையாகச் சொன்னார்.

சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படமாட்டாது என்று அரசாங்கம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அதற்கு முன்னர் 2015 இல் தொழில் வலயத்துக்கான 818 ஏக்கரும், பின்னர் 2016 இல் கடற்படை முகாமுக்கான காணியும் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பி வந்திருந்தார்கள். கரிக்கென எடுத்த காணி மட்டும் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. நிலக்கரிதான் வரவில்லையே என்று அது மக்களிடம் திரும்பிப் போகவும் இல்லை. 2022 மார்ச்சில் அதே இரு நிறுவனங்களும் அங்கே சூரிய மின் நிலையம் அமைக்க உடன்பட்டன. 2025 ஏப்ரல் 5 இல், இந்தியப் பிரதமரும் எமது ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தவாறே காணொளி மூலம் அதன் வேலையை ஆரம்பித்து வைத்தார்கள். முதற் கட்டம் 50 மெகாவொட், அடுத்த கட்டம் 70 மெகாவொட்.

கூட்டம் ஒரு அங்கத்தவரின் வீட்டுத் திண்ணையில் நடந்தது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். கணக்குப் புத்தகத்தை மூடியதும் கேள்விகள் ஆரம்பமாயின.

“இந்தக் கறண்ட் எங்கட ஊருக்கா மிஸ்?”

இல்லை என்றேன். அங்கே பிறக்கும் மின்சாரம் பெரிய கம்பி வழியே நாட்டின் பொது வலையமைப்புக்குப் போகும். அதில் எந்தத் துளி சம்பூருக்கு, எந்தத் துளி கொழும்புக்கு என்று பிரிக்க முடியாது.

“அப்ப எங்கட பில் குறையாதா?”

கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்றே. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதைத் தீர்மானிக்கிறது. நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சலுகை கிடையாது. ஆனால் இங்கிருந்து ஒரு அலகை வாங்க மின்சார சபை கொடுக்க உடன்பட்ட விலை 5.97 அமெரிக்க சதம். டீசலில் எடுக்கும் மின்சாரத்தோடு பார்த்தால் இது எவ்வளவோ மலிவு. இப்படியான நிலையங்கள் பல வந்தால் நாட்டின் மொத்தச் செலவு குறையும். செலவு குறைந்தால் கட்டணமும் குறைய வேண்டும். “குறைய வேணும் எண்டுறீங்க, குறையும் எண்டு சொல்லேல்ல” என்று ஒரு பெண் உடனே பிடித்தார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கேட்டதில் தவறில்லை.

கட்டணம் என்பது இவர்களுக்கு அறிக்கையில் வரும் சொல்லல்ல. மாதம் 30 அலகு பாவிக்கும் ஒரு வீட்டின் கணக்கைத் திண்ணையில் இருந்தே போட்டுப் பார்த்தோம். 2022 நடுப்பகுதி வரை அலகு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா, மொத்தம் 105 ரூபா. 2022 ஓகஸ்டில் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா, மொத்தம் 1300 ரூபா. ஏழு மாதத்துக்குள் 105 ரூபா 1300 ரூபாவாக மாறியது. கட்டணம் பின்னர் குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் 2023 இல் மாத்திரம் நாட்டில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் கட்டணம் செலுத்தாமையால் துண்டிக்கப்பட்டன. எமது குழுவிலேயே மூன்று வீடுகளில் மீற்றர் அறுக்கப்பட்டுப் பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். இணைப்பைத் திரும்பப் பெறக் கட்டணம் கட்டுவதற்குச் சேமிப்பிலிருந்து கடன் கொடுத்தோம். ஆடு வாங்கவும் தையல் மெசின் வாங்கவும் என்று தொடங்கிய சேமிப்பு அது.

“கூரையில சோலர் போட்டா காசு வருமாமே?” என்று இன்னொருவர். வரும், கூரையும் முதலும் இருப்பவர்களுக்கு. 2016 இல் அரசாங்கம் இதற்கென ஒரு திட்டம் ஆரம்பித்தது. வசதி உள்ளவர்கள் வங்கிக் கடன் எடுத்துத் தகடுகளைப் பொருத்தி, மிஞ்சிய மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் மாதம் 40 அலகு எரிக்கும், தகரம் போட்ட இரண்டு அறை வீட்டுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. பிணைக்கு வைக்க உறுதி இல்லாத பெண்ணுக்கு வங்கிக் கதவும் திறக்காது. வெயில் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுந்தாலும் அதைக் காசாக்குவதற்கு முதலில் காசு வேண்டியிருக்கிறது. பாடசாலை, பிரதேச வைத்தியசாலை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் கூரைகளில் பொருத்தி வருமானத்தை ஊர்ச் சங்கத்துக்குக் கொடுக்கலாமே என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதற்கு எவரும் வங்கி விளம்பரம் போடுவதில்லை.

சூரியனுக்கு ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது பகலில் மட்டும் வரும். வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் எரிவதோ மாலையில். பகல் மின்சாரத்தைப் பெரிய பற்றறிகளில் சேமித்தால்தான் இரவுக்கு உதவும். அதற்கு மேலதிகச் செலவு. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறையில் மின்சார உபநிலையத்துக்குள் புகுந்த குரங்கு ஒன்றினால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். யாருக்குத்தான் மறக்கும்! ஆனால் குரங்கு மட்டும் காரணமல்ல. அன்று விடுமுறை, மின்சாரத் தேவை குறைவு. வெயில் நன்றாக எறித்ததால் வலையமைப்பில் சூரிய மின்சாரமே அதிகம். பாரமான சக்கரங்கள் சுழலும் நிலையங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. கால் மெசினில் தைப்பவர்களுக்கு இது விளங்கும். காலை எடுத்த பிறகும் அந்தக் கனத்த சக்கரம் நாலு தையல் போட்டுத்தான் நிற்கும். சூரியத் தகட்டில் அப்படிச் சுழலும் சக்கரம் இல்லை. ஒரு அதிர்ச்சி வந்தால் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் எல்லாம் ஒன்றாய் விழுந்துவிடும். அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு நாட்களில், பகலில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. பற்றறியும் உறுதியான வலையமைப்பும் இல்லாமல் தகடுகளை மட்டும் பரப்பிக்கொண்டு போவது, களஞ்சியம் கட்டாமல் நெல் விதைப்பது போன்றது. 2030 இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் மீள உருவாகும் சக்தியிலிருந்து வரவேண்டும் என்பது அரசின் இலக்கு. அதற்கு இந்தக் களஞ்சியமும் வேண்டும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு முதிய தாய், பேச்சு ஓய்ந்ததும் வெற்றிலைப் பையை மடியில் சொருகிக்கொண்டு சொன்னார்.

“மகள், கரி வராதெண்டு சொன்ன அண்டைக்கு நாங்க அம்பாளுக்குப் பொங்கினனாங்க. வெயிலோட எங்களுக்கு என்ன கோவம்? வெயில் நல்லது. ஆனா அந்தக் கம்பிக்கு உள்ளுக்குத்தான் எங்கட தோட்டக் காணி கிடக்கு. அவர் பத்தை வெட்டித் திருத்தின காணி. கச்சான் போட்டு அஞ்சு பிள்ளைகளையும் வளர்த்தனாங்க. அவரை 2006 இல செல்லில பறிகுடுத்தன். பேமிட்டும் அவற்ற பேரிலதான். வீட்டோட அது எரிஞ்சு போச்சு. கரி வந்திருந்தாலாவது சண்டை பிடிக்க ஒரு சாட்டு இருந்திருக்கும். வெயிலுக்கு எதிரா ஆர் மகள் சண்டை பிடிக்கிற?”

திண்ணையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. நிலக்கரியை எதிர்க்க சுற்றாடல் அமைப்பு வந்தது, மீனவர் சங்கம் வந்தது, கொழும்புப் பத்திரிகைகள் எழுதின. சூரியன் எல்லோருக்கும் பிடித்தமானது. ஆகவே அதன் கீழே கிடக்கும் காணியைப் பற்றிப் பேச ஆளில்லை. இது சம்பூருக்கு மட்டும் உரிய கதையல்ல. மலையகத்தில் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களுக்குள் முழுக் கிராமங்கள் அமிழ்ந்தன. அதுவும் தூய்மையான மின்சாரம்தான். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் 100 மெகாவொட் காற்றாலை நிலையம் திறக்கப்பட்டது. இரண்டாவது தொகுதிக் காற்றாலைகளுக்கு எதிராக 2025 ஓகஸ்டில் மக்கள் இரவு பகலாக வீதியில் இருந்தார்கள். மழை நீர் வடிந்தோட வழியில்லாமல் போகிறது, பறவைகள் வரும் வழி மறைகிறது என்பது அவர்களின் முறைப்பாடு. காற்றாலையே வேண்டாம் என்பதல்ல, சனம் வாழும் தீவுக்குள் வேண்டாம் என்பதே அவர்களிற் பலர் சொன்னது.

வேறுவிதமாகவும் செய்யலாம் என்பதற்கு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுத் திட்டத்தைக் காட்டலாம். பொது வலையமைப்போடு தொடுக்கப்படாத இத்தீவுகளுக்கு டீசல் இயந்திரங்களே மின்சாரம் தந்து வந்தன. அங்கே வெயிலையும் காற்றையும் பற்றறியையும் சேர்த்த நிலையங்களை இந்திய உதவியில் அமைப்பதற்கு 2022 இல் உடன்பாடு காணப்பட்டது. தீவில் பிறப்பது தீவாருக்கே எரியும். சம்பூர்ப் பெண்கள் இதைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானம் மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் தந்தார்கள். குசினியில் மூன்று கல் அடுப்பு. காஸ் சிலிண்டர் மூலையில் சேலைத் துண்டால் மூடி வைக்கப்பட்டிருந்தது. 2022 ஏப்ரல் மாதத்தில் பெரிய சிலிண்டர் 4860 ரூபாவாக ஏறியபோது மூடியதாம், அதற்குப் பிறகு விருந்தாளி வந்தால் மட்டும் திறப்பதாகச் சொன்னார்கள். எனக்காகத் திறக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி, அந்தளவுக்கு நான் வீட்டுக்காரி ஆகிவிட்டேன். விறகுக்கு முன்னர் அந்தக் காணிப் பக்கப் பற்றைக்குள்தான் போவார்களாம். இப்போது சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டும். தலைச்சுமையோடு போய்வர அரை நாள் போகிறது. சக்தி, சக்தி என்று அறிக்கைகள் பேசுகின்றன. எத்தனையோ வாசித்தேன், பெண்ணின் தலையில் ஏறும் விறகுக் கட்டு எந்தக் கணக்கிலும் இல்லை. திட்டம் போடுபவர்கள் அதையும் ஒரு எரிபொருளாக எண்ணியிருந்தால், அரை நாள் நடையும் ஒரு இழப்பாகப் பதிவாகியிருக்கும்.

பிற்பகலில் வேலையைத் தொடங்கினோம். ஒரு அப்பியாசக் கொப்பியை விரித்து, அந்தக் காணிக்குள் தமக்குப் பங்குண்டு என்று சொன்ன ஒன்பது பெண்களின் விபரங்களையும் எழுதினோம். காணி இருந்த இடம், எல்லை, யார் பெயரில் இருந்தது, உறுதியா பேமிட்டா, எந்த ஆண்டு வரை பயிர் செய்தார்கள், சாட்சி சொல்லக்கூடிய அயலவர் யார். பேமிட் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் அதன் பதிவைத் தேடிப் பிரதி கேட்கலாம் என்று விளக்கினேன். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், வாரிசு நியமிக்காமல் இறந்தவரின் காணிக்கு ஆண் மக்களுக்கே முன்னுரிமை என்றிருந்தது 2022 இல் திருத்தப்பட்டுவிட்டது. இப்போது மகளுக்கும் சமமான உரித்து உண்டு. இது அங்கிருந்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட இருவர், மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாததால் எந்த அலுவலையும் தொடாமல் விட்டிருந்தார்கள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, ‘காணப்படாமைச் சான்றிதழ்’ எடுத்து அலுவல்களைப் பார்க்கலாம், அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை என்று சொன்னபோது அவர்களுள் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னேன்.

கடிதத்தின் வாசகங்களை அவர்களே தீர்மானித்தார்கள். சூரிய மின் நிலையம் வேண்டாம் என்று எழுதவில்லை. ‘நாங்கள் மின்சாரத்துக்கு எதிரானவர்கள் அல்லர்’ என்று தொடங்கி நான்கு விடயங்களைக் கேட்டார்கள். எமது காணிகள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று வரைபடத்தைக் காட்டுங்கள். இருந்தால் மாற்றுக் காணியோ நட்டஈடோ எழுத்தில் தாருங்கள். தகடுகள் கழுவவும் புல் வெட்டவும் காவலுக்கும் ஆள் எடுக்கும்போது எமது ஊர்ப் பெண்களை எடுங்கள். விறகுக்கும் மாட்டுக்கும் போய்வர ஒரு வழி விடுங்கள். கடைசி வரியை அந்த முதிய தாய் சொல்லச் சொல்லத்தான் எழுதினோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்பது பேரும் மூதூர்ப் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். கள உத்தியோகத்தர் சகோதரியும் கூடப் போனார். அன்று முழுவதும் இருந்து, மாலை மூன்றரைக்குக் கடிதத்தைக் கையளித்தார்கள். பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் முத்திரையும் இடப்பட்டிருக்கின்றன. அந்தப் பிரதி சேமிப்புக் குழுவின் தகரப் பெட்டிக்குள், கணக்குப் புத்தகத்தோடு இருக்கிறது. காணிப் பதிவேட்டில் ஒன்பது பெயர்களில் ஐந்து பெயர்கள் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஏனைய நான்குக்கும் பழைய ஏடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.